திருத்தம் டீச்சரின் அமைதியான வகுப்பு

டீச்சர் நின்றபடியே 'நல்ல' என்ற சொல்லை அடித்துவிட்டு 'சிறந்த' என்று எழுதுகிறார். கொஞ்சம் யோசித்து அதையும் அடிக்கிறார். ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் பேனா. ஆசிரியர் சங்க அறிக்கையின் அச்சுப் பிரதி ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது. பக்கத்திலேயே நாற்காலி இருக்கிறது. அதில் அவருடைய கைப்பையும் குடையும் உட்கார்ந்திருக்கின்றன.

சங்கத்தில் அவருக்குத் 'திருத்தம் டீச்சர்' என்று பெயர். யார் எந்தத் தீர்மானத்தை வாசித்தாலும் பாதியிலேயே எழுந்து, "ஒரு சின்னத் திருத்தம்" என்பார். சின்னது என்று நம்பி மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட தலைவர்கள் உண்டு. வீட்டிலும் அப்படித்தானாம். மருந்துக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், "கல்யாணத்துக்குச் சம்மதம்னு நான் சொன்னப்பவே ஒரு திருத்தம் கொண்டு வந்தா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வேலையை விட மாட்டேன் என்பதுதான் அந்தத் திருத்தம். குறைபோலத்தான் தொடங்கினார், முகத்தில் என்னவோ பெருமை வழிந்தது.

நாட்டின் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று சங்கம் அறிக்கை தயாரித்தபோது, முதல் பிரிவை எழுதியவர் இவர்தான். பிள்ளைகளின் கேள்வியிலிருந்துதான் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும், பயந்து அடங்கிய வகுப்பைக் காட்டி எந்த நாடும் பெருமைப்படக் கூடாது என்பது அதன் சாரம். அரசின் வரைவோ கீழ்ப்படிதலைத்தான் முதலில் வைத்திருந்தது. அதை மாற்றுவதற்காக அவர் அமைச்சக வாசலில் மழையில் நின்றிருக்கிறார். தேடி வந்த பதவி உயர்வு கை நழுவிப் போனதும் அதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் பள்ளியிலேயே அமைதியான வகுப்பு அவருடையது. பிரம்பைத் தொட்டதில்லை. பிரம்புக்கு வேலையே வைக்காத குரல் அவருக்கு. நடைபாதையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே, அடுத்த அறையில் இருக்கும் என் வகுப்பும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும். அவரோ தன் பிள்ளைகள் இயல்பிலேயே சமத்து என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஆனால் அவரிடம் போய் யார் வாயைக் கொடுப்பது?

அரசின் கல்விக் கொள்கைக் குழு தன் முடிவை எழுதுவதற்கு முன்னால், சங்கம் சொல்லும் மாதிரியான வகுப்பு ஒன்றை நேரில் பார்க்க விரும்பியது. சங்கம் ஒருமனதாக இவர் பெயரைச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரியாக நடந்தால் முதல் பிரிவு பிழைக்கும். சொதப்பினால் இத்தனை வருடப் பாடும் வீண். பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்க ஆரம்பித்தார். "கேளுங்க, பயப்படாமக் கேளுங்க" என்று அவர் போட்ட அதட்டலில் என் வகுப்பில் ஒருவனுக்குப் பென்சில் கை நழுவியது. அவர் பிள்ளைகள் அந்த வாக்கியத்தைப் பவ்யமாக எழுதிக்கொண்டார்கள்.

இடைவேளையில் என்னிடம் வந்தார். "தம்பி, இதுங்க வாயே தெறக்க மாட்டேங்குதே. எங்க கோளாறு?"

"சரியாயிடும்க்கா" என்றேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

குழுவினர் மூன்று பேர் வந்து பின் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் என் வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு அவர் வகுப்பு வாசலில் போய் நின்றேன். இன்று பிள்ளைகள் கேட்பதுதான் பாடம் என்று டீச்சர் அறிவித்தார். ஒருவரும் அசையவில்லை. அவர் ஜன்னலுக்குப் போனார், கரும்பலகைக்கு வந்தார், மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். குழுத் தலைவர் ஏதோ எழுதத் தொடங்கினார்.

இரண்டாவது வரிசையில் ஒரு ஒல்லிப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், தப்பா எதையாவது கேட்டுட்டா, இவங்க போனதுக்கப்புறம் திட்டுவீங்களா?"

குழுத் தலைவரின் பேனா நின்றது. டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. எப்படியும் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு சிரிப்பு, முதுகில் ஒரு தட்டு. அது போதும், வந்தவர்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. அதுவரை நான் கேட்டிராத, தணிந்த குரலில் கேட்டார்:

"திட்டுவேன்னு யார் யார் நினைக்கிறீங்க? கை தூக்குங்க."

முதலில் அந்தப் பெண் தூக்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரம்பித்து, வகுப்பு முழுவதும். டீச்சர் ஒவ்வொரு கையையும் நின்று பார்த்தார். பின் பெஞ்சில் இருந்த மூவரையும் பார்த்தார். பிறகு சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் கையையும் தூக்கினார்.