நாலு பையும் வெளியே

நான் தைக்கிற எந்த உடுப்பிலும் ஒரு கள்ளப் பை இருக்கும். அபாயாவோ பள்ளிக்கூடச் சட்டையோ, உள்பக்கம், அக்குளுக்குக் கீழே, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு. யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. கண்டுபிடித்தவர்கள் சிரிப்பார்கள். "இதுக்குள்ள என்னத்த வைக்கிற, எறும்பையா?" என்று கரைத்தீவிலிருந்து வருகிற ஒருத்தி கேட்டாள். "வைக்க ஒண்டும் இல்லாட்டி சும்மா கிடக்கட்டும்" என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். புத்தளத்தில் என்னிடம் தைக்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

மகனுக்கு ருமேனியாவில் வேலை சரிவந்து விசாவும் வந்தது. அன்றைக்கே போனைக் கொண்டுவந்து மெஷின் மேலே வைத்தான்.

"உம்மா, அங்க சரியான குளிராம். இது மாதிரி ஜக்கெட் ஒண்டு தைச்சுத் தாங்க."

படத்தில் குதிரைகளோடு நிற்கிற தாடிக்காரர்கள். ஏதோ ஒரு நாட்டின் எல்லைப்புறத்தில் அந்தக் காலம் சண்டை பிடித்தவர்களாம். இப்படியான படம் பார்க்கிற பைத்தியம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

"சண்டைக்காரண்ட உடுப்பு உனக்கென்னத்துக்கு?" என்று ஏசினேன். ஏசிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, நல்ல வெட்டு. முரட்டுத் தோல், ஆனால் ஆளின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. துவக்கு உரசுகிற தோளில் இரட்டையாகப் போட்டிருந்தது. கடிவாளத்துக்குக் கை நீட்டினால் முதுகு இழுக்காமலிருக்கப் பின்னால் ஒரு மடிப்பு. காது வரைக்கும் ஏறுகிற கொலர். தைத்தவன் சும்மா ஆளில்லை. ஆனால் பைகள்! நெஞ்சில் இரண்டு, இடுப்பில் இரண்டு, நாலும் வெளியே, பெரிய மூடியும் பெரிய பொத்தானும். உள்ளே பையே கிடையாது என்றான் மகன்.

"விசரனுகள்! இருக்கிறதையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொண்டா எல்லையில நிண்டானுகள்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது எனக்கு ஏழு வயது. வள்ளம் ஏறுவதற்கு முன்னால், துவக்கு வைத்திருந்தவர்கள் கரையில் எல்லாரையும் சோதித்தார்கள். உம்மா தன்னுடைய காதுத்தோட்டை என் சட்டையின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தார். பிள்ளையை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. நான் வாயே திறக்கவில்லை. ஆனால் கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. இருக்கிறதா, இருக்கிறதா என்று மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒருத்தன் அதைக் கவனித்தான். குனிந்து, மடிப்பைப் பிரித்து எடுத்துக்கொண்டான். கற்பிட்டியில் இறங்கியபோது எங்களிடம் விற்பதற்கு ஒரு சாமானும் இல்லை. உம்மா மௌத்தாகும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஜக்கெட்டைத் தைத்தேன். அவன் பச்சை கேட்டான். "ஆமிக்காரன் எண்டு பிடிச்சிட்டுப் போவானுகள்" என்று மண் நிறத்தில் தடித்த கென்வஸ் எடுத்தேன். தோளில் இரட்டைத் துணி போடும்போது மூன்று ஊசி முறிந்தது. உள்ளுக்குப் பழைய கம்பளிப் போர்வை. படத்தில் இருந்த மாதிரியே நாலு பையும் வெளியே வைத்தேன், அவன் ஆசை. பிறகு அக்குளுக்குக் கீழே என்னுடைய பை. அதற்குள் என் தங்க மோதிரத்தை வைத்து வாயைத் தைத்தேன்.

"அந்நிய நாட்டில கை வெறுமையா நிண்டிராத. ஒண்டும் இல்லாத நாளைக்கு மட்டும் பிரி. அதுவரைக்கும் கை அங்க போகக்கூடாது, விளங்கிச்சா?"

"ஓம் உம்மா, ஓம்."

போகிற நாள், அசர் தொழுதுவிட்டு வந்ததும் வேன் வந்து நின்றது. அந்த வெயிலில் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தான், எனக்குக் காட்டுவதற்காக. மாஷா அல்லாஹ், தோள் அப்படியே படிந்திருந்தது. எல்லாருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டு வருகிறான், வலது கை இடது அக்குளுக்குக் கீழே போகிறது. எடுக்கிறான். திரும்பவும் போகிறது.

"கைய எடுடா!"

நான் கத்தியதில் வேன் டிரைவர் கூடத் திரும்பிப் பார்த்தார். காதுத்தோட்டுக் கதை தெரிந்த மகன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஜக்கெட்டைக் கழற்றி, நான் தைத்த நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தான். நாசமாப் போவானே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மோதிரத்தை எடுத்து, ஜக்கெட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் இருந்த வெளிப் பைக்குள் போட்டான்.

"இது வெளியிலயே இருக்கட்டும் உம்மா. என்னை ஆரும் துரத்தல்ல. நான் வேலைக்குப் போறன், திரும்பி வருவன்."

மூடியை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போடப் பார்த்தான். புதுத் துவாரம், இறுக்கம், அவனால் முடியவில்லை. நான் அவன் கையைத் தட்டிவிட்டு நானே போட்டுவிட்டேன்.