பூஜையில் வைத்த பாஸ்வேர்டு நோட்டு

மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. ஏழு ஆண்கள் லேத்திலும் மில்லிங்கிலும் நிற்க, நான் ஒருத்திதான் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். அதற்கே எத்தனை கண் பட்டதோ.

ஃபிளாப்பியில் வந்த வைரஸ் இரண்டு முறை எங்கள் டிராயிங்குகளை அழித்துவிட்டது. அதன் பிறகு, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். அதன் உள்வேலை முழுவதையும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்று முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஊரே படிக்கலாம்ன்ற. அப்போ திருடனும் படிப்பானே?"

"படிக்கட்டும் சார். பூட்டு எப்படி செஞ்சதுன்னுதான் தெரியும், சாவி நம்மகிட்டதானே இருக்கு? நாலு பேர் பார்த்தா ஓட்டையும் சீக்கிரம் தெரிஞ்சிடும், அடைச்சிடுவாங்க."

பத்திரிகையில் படித்ததை ஒப்பித்தேன். இன்றைக்கும் என் கருத்து அதுதான். சாவியை நான் வைத்த இடத்தில்தான் கோளாறு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லாரும் ஸ்பேனரையும் வெர்னியரையும் சாமி முன்னால் வைத்தார்கள். நான் எதை வைப்பேன்? பாஸ்வேர்டு எழுதிய என் நோட்டை வைத்தேன். கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. மறு பூஜை வரை எதையும் தொடக் கூடாது. பொரிப் பொட்டலத்தோடு மத்தியானமே ரயிலேறி அண்ணனூரில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மறு பூஜை முடிந்து நோட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே நுழைந்ததும், கடைசியாக நுழைந்தது எப்போது என்று லினக்ஸ் ஒரு வரி காட்டும். நேற்று மாலை ஐந்து பத்து என்றது. அந்த நேரத்தில் நான் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

போன் வயர் வழியாக எவனோ வந்துவிட்டானோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. இதே கீபோர்டில் அடித்ததாகத்தான் இருந்தது. இன்னும் பயந்துபோனேன். என் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிராயிங்குகள் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியுடையவை. ஒரு தாள் வெளியே போனாலும் ஆர்டர் போய்விடும். ஆர்டருக்கு முன்னால் என் வேலை போகும். அப்போது என் வீட்டுக்காரரின் ஃபேக்டரி கதவடைப்பில் இருந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. திருடனும் படிப்பான் என்று அன்றைக்கே சொன்னேனே என்பார். பாஸ்வேர்டை மாற்றினேன், எங்கும் எழுதவில்லை. அன்று முழுக்க, தண்ணீர் குடிக்க வந்தவன்கூடத் திருடனாகத் தெரிந்தான். என்ன ஆனாலும் சரி, காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

காலையில் அவரே முந்திக்கொண்டார். என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, பாஸ்வேர்டை மாத்திட்டியா? உள்ள போவ மாட்டேங்குது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கேட்டேன்.

"பூஜை அன்னிக்கு வந்தது நீங்களா சார்?"

"ஆமா, உன் நோட்டைப் பாத்துதான் போட்டேன். அங்க இங்கன்னு எதுனா அனுப்பிகினு கீறியான்னு பாத்தேன்." அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "ஒண்ணும் இல்ல, வுடு. புதுசை எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை, சம்பளமும் வந்தது. எத்தனை நாளாக என்னைத் திருடி என்று நினைத்திருந்தார் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் அங்கே இருந்தேன், அப்போதும் வரவில்லை.