முரட்டுப் பக்கத்தில் எழுதிய பெயர்

போன வாரம் என் மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டது. ஏழு வயதுப் பிள்ளை, அழக்கூடத் தோன்றாமல் என்னையே பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கார்ட்டூன்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று வந்தது வெறும் கோபம் இல்லை. அந்தக் கதையை நான் எட்டாம் வகுப்பு படித்தபோது டிவியில் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசும் முயல்கள். பள்ளி நாடகத்தில் ராஜாவாக நடிக்கும் ஆண் முயல்மேல் ஒரு பெண் முயலுக்கு ஆசை. யாரிடமும் சொல்ல மாட்டாள். அவனுக்குக் காகிதக் கிரீடம் செய்துகொடுத்து, உள்ளே இருவர் பெயரையும் எழுதிவைப்பாள். சண்டைக் காட்சியில் ராஜா மண்டையில் உலக்கை விழும். அப்பளமாய்த் தட்டையாவான், மறு நொடி ஊதிப் பெருத்து எழுந்து நிற்பான். கழன்று உருண்ட கிரீடத்தை எல்லோரும் படிப்பார்கள். படித்துவிட்டுக் கைதட்டுவார்கள். அடிபட்டவனும் சிரிப்பான்.

அதை நம்பினேன். பதின்மூன்று வயது. புத்தி அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பாலாற்றைக் காப்பாற்றும் ராஜாவைப் பற்றி ஒரு நாடகம். ஆற்றைக் கெடுத்தவன் பக்கத்து நாட்டு ராஜா என்று எழுதியிருந்தார் தமிழய்யா. சிறப்பு விருந்தினர் தோல் தொழிற்சாலை முதலாளி, வேறெப்படி எழுதுவார்? நான் கரையோர மரம். ராஜா, என் வகுப்பிலேயே படித்த, எனக்கு ரகசியமாய்ப் பிடித்துப்போன பையன். கணக்கில் கெட்டி, பேச்சில் கம்மி. அவன் தெரு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். சாதி வேறு. எங்கள் தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடப்பதைக்கூட முறைத்துப் பார்க்கும் ஆட்கள் அப்போது இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள்.

அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்ததால், ராஜாவின் வாள் தொங்க பெல்ட் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அம்மா கொண்டுவந்த துண்டுத் தோல்களைச் சொல்யூஷன் வைத்து ஒட்டினேன். அண்ணனின் பழைய பெல்ட்டிலிருந்து பித்தளைக் கொக்கியைக் கழற்றி மாட்டினேன். பிறகு உள்பக்கத்தில் அம்மாவின் வெள்ளிப் பேனாவால் அவன் பெயரையும் என் பெயரையும் எழுதினேன்.

வெள்ளிப் பேனா என்பது, தையல் எங்கே ஓட வேண்டும் என்று தோலில் கோடு போட்டுக்கொள்வது. தைத்து முடித்ததும் துணியால் துடைத்தால் கோடு போய்விடும். அம்மா துடைப்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அவள் துடைத்தது எல்லாம் தோலின் மழமழ முகப்பக்கம் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. உள்பக்கம் முரடு. அதில் மை ஊறிவிட்டால் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. தோலில் சோறு தின்னும் ஊரில் பிறந்து இது தெரியாமல் போனது என் தலையெழுத்து.

விழா அன்று காலையில் பயம் வந்துவிட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். வெள்ளி பரவிப் பளபளத்ததே தவிர எழுத்து அழியவில்லை. அதற்குள் டீச்சர் வந்து பெல்ட்டை வாங்கி உடுப்புப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு நாடகம். பச்சைக் காகிதம் சுற்றிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கியபடி நின்றேன். சண்டைக் காட்சியில் எதிரி ராஜாவாக நடித்தவன் நிஜமாகவே மட்டையால் இடுப்பில் ஒரு போடு போட்டான். ஒட்டு விட்டுப்போய் பெல்ட் கீழே விழுந்தது, உள்பக்கம் மேலாக. எதிரி ராஜா அதை எடுத்தான், பார்த்தான், மைக் முன்னால் போய் இரண்டு பெயரையும் சத்தமாகப் படித்தான்.

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். நான் என் அண்ணனைத் தேடினேன். அவன் நாற்காலி காலியாக இருந்தது.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தோல் பதனிடும் இடத்தில் ஈரத் தோலைத் தூக்கித் தூக்கிக் கை இரும்பாகியிருந்தது. வீட்டில் தட்டு பறப்பதும் கதவு உடைவதும் அவனால்தான். கூட்டாளிகள் இரண்டு பேரோடு மேடைக்குப் பின்னால் வந்து, ராஜா வேடத்தில் நின்றவனைக் கழுத்தைப் பிடித்துக் கழிப்பறைச் சுவருக்கு இழுத்துப் போனான். காகிதம் கிழியக் கிழிய நானும் ஓடினேன்.

கூட்டாளிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் மேடையிலிருந்து பிடுங்கி வந்த அந்தப் பெல்ட்டைக் கையில் சுற்றி, கொக்கி வெளியே தொங்க வீசினான். முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். மையால் வரைந்த மீசை ரத்தத்தோடு கரைந்து கழுத்தில் வழிந்தது. "நான் இன்னாண்ணா பண்ணேன்?" என்று அவன் கேட்டான். கேட்கக் கேட்க அடி கூடியது. கீழே விழுந்ததும் வயிற்றில் உதைத்தார்கள். உதைக்கும்போது ஒருவன் சிரித்ததை நான் பார்த்தேன். அவனைக் கொல்ல வேண்டும் போல இன்றைக்கும் இருக்கிறது.

அப்போது அண்ணன் என்னைப் பார்த்தான். கை நின்றது. மூச்சு வாங்கியபடி கேட்டான்.

"யாரு எழுதினது? நீயா, இவனா? உண்மையைச் சொல்லு."

கீழே கிடந்தவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. நான் என்று சொன்னால் அந்த அடி எனக்கு மாறும், அவன் பிழைத்துக்கொள்வான். அண்ணன், அவன், நான், மூன்று பேருக்கும் அது தெரியும்.

"அவன்தான்," என்றேன்.

"எந்தக் கையில எழுதின?" என்று அண்ணன் அவனைக் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வலது கையைத் தரையில் விரித்து வைத்து, பூட்ஸ் காலால் மிதித்தான். அடுப்பில் சுள்ளி ஒடிக்கும் சத்தம்தான். மூன்று தடவை.

டீச்சர்கள் ஓடிவந்தார்கள். மேடையில் கரகாட்டப் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விரல்களுக்குக் கம்பி வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் அப்பா நியாயம் கேட்க வரவில்லை. எங்கள் தெருவுக்குள் வந்து கேட்கும் தெம்பு அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. அவன் மேடையிலிருந்து தவறி விழுந்ததாகப் பள்ளியில் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அம்மா பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே என் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள். கதவைச் சாத்திவிட்டு என்னைக் கன்னம் கன்னமாக அறைந்தாள். "வாயைத் தொறந்தே, உன்னையும் கொன்னுடுவான்," என்றாள். திறக்கவில்லை. அண்ணன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான். என் மகளுக்கு அவன் செல்ல மாமா. அவளை முதுகில் ஏற்றி யானை விளையாடுவான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மாதனூர் பக்கத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், அன்று ராஜாவாக நடித்த அவனைப் பார்த்தேன். நான் செக்கிங் பிரிவில் இருக்கும் அதே கம்பெனியில் பேக்கிங்குக்குச் சேர்ந்திருந்தான். வலது கையில் மூன்று விரல் மடங்காது. தையல் மிஷினில் உட்கார முடியாது என்று அட்டைப்பெட்டி தூக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் அவன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். பிறகு ஒரு நாள் டீ நேரத்தில் நேராகப் போய் எதிரில் நின்றேன்.

அந்தப் பெயரை எழுதியது நான்தான் என்று சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவன் அடிக்கட்டும், கத்தட்டும் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் டீயை ஊதிக் குடித்தான்.

"தெரியும். பெல்ட்டு கட்டும்போதே படிச்சேன். தேய்ச்சிருந்தது, ஆனாலும் தெரிஞ்சது," என்றான். "சந்தோஷமாத்தான் கட்டிக்கினு மேடை ஏறுனேன்."

அப்புறம் ஏன் அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கை தப்பியிருக்குமே என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றான்.

மணி அடித்தது. டம்ளரை இடது கையால் வைத்துவிட்டுப் பெட்டி தூக்கப் போனான்.