அக்கா வீட்டுக்கு எந்தக் கூரை

கொடைக்கானல் மலையில், பூண்டியில் எங்கள் வீட்டுக்குச் செல்போன் வந்த புதிதில், நாகப்பட்டினம் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா கூப்பிட்டாள். புயலில் அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துவிட்டது.

"ஏலே, மலையிலயும் காத்து அடிக்குதுல்ல. நம்ம வீட்டுத் தகரம் அப்படியே கெடக்கே. நானும் தகரமே போடவா?"

"போடுக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அந்தத் தகரம் அப்பா போட்டது. அது எப்படி நிற்கிறது என்று நான் ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்துக் கொடைக்கானல் போய் ஒரு இரும்புக் கடையில் விசாரித்தேன்.

"கடற்கரையிலயா? உப்புக் காத்துக்குத் தகரம் வெரசா துருப்பிடிச்சிருங்க. ஓடு போடச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

ஆணி வாங்க வந்திருந்த கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "புயலுக்கு ஓடு ஒண்ணொண்ணாப் பறக்குமுங்க. தகரத்த நல்லா முடுக்கிப் போட்டா அசையாது."

இரண்டுமே சரி என்று பட்டது. பஸ் ஏறும்போது ஓடுதான் என்று முடிவு செய்தேன். வழியில் பூம்பாறை வருவதற்குள் தகரம் என்று மனம் மாறிவிட்டது. கடைசியில் இருவர் சொன்னதையும் அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"இப்ப நான் என்னதான்டா செய்ய?" என்றாள்.

அவள் ஓடு போட்டு, மேலே வரிவரியாகச் சிமெண்டுக் கலவை பூசி இறுக்கினாள். அடுத்த புயலில் ஏழெட்டு ஓடுகள்தான் போயின.

"நல்லவேளை, நீ சொன்னதக் கேட்டேன்" என்றாள். நான் எதைச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.