பதினேழாவது நுனி

கூடை பின்னிக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது ஒரே ஒரு பிரிவேளை. தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "கூடையோ கீடையோ, மணி அடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ள ஒத்தைப்படை, இரட்டைப்படை சொல்லோணும். இல்லாட்டி நாளையில இருந்து ரெண்டாம் வகுப்போட உக்காரட்டும்மா."

அந்தப் பிள்ளை என் மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசை. எண்ணைக் கேட்டால் என் உதட்டைப் பார்ப்பாள். தப்பு என்னுடையதுதான். அவள் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் விடை என் வாயிலிருந்து குதித்துவிடும். சேதி அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்; அன்றைக்குத் தோளில் மாட்டிய பையைக்கூட அவள் கழற்றவில்லை.

தேவாலாவில் மழை விடாத வாரம். தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். மூங்கிலை இரண்டாக, நாலாக, எட்டாகப் பிளந்து, அந்த எட்டுப் பத்தைகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நடுவில் கட்டினோம். பதினாறு நுனிகளையும் நிமிர்த்தி, மெல்லிய மூங்கில் சிம்பை ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று சுற்றினோம். இரண்டாம் சுற்றிலும் சிம்பு அதே நுனிக்கு மேலேதான் வந்தது. பிடிப்பே இல்லை. தொட்டால் வழுக்கியது. பிரித்தேன், மறுபடி சுற்றினேன், மறுபடியும் அதே கதை.

"டீச்சர், இதுல ஆனையை அடைச்சாக்கூட ஓடிப்போயிருமுங்க!"

முன்வரிசைப் பையன் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், கதவைப் பார்க்கிறேன். கதவருகே தலைமையாசிரியை.

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்து நுனிகளைத் தொட்டாள். "மேல, கீழ, மேல, கீழ..." தொடங்கிய இடத்துக்கு வந்ததும் நின்றாள். "திரும்ப மேலயே வருதுங்க." நான் வாயைத் திறந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் ஒரு நுனியைப் பிடித்து இரண்டாகக் கிழித்தாள். "இப்ப மாறி வருமுங்க." மாறித்தான் வந்தது. பின்னல் இறுகியது.

"இப்ப எத்தனை?" என்றார் தலைமையாசிரியை.

"பதினேழுங்க."

"ஒத்தையா, இரட்டையா?"

என் உதட்டைத் தேடினாள். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் நுனிகள் இரண்டிரண்டாகச் சேரும் சத்தம். என் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு தனியா நிக்குதுங்க. ஒத்தை."

"முப்பத்தொண்ணு?"

இதற்குச் சேர்த்துப் பார்க்க நுனி இல்லை. திரும்பிவிடாதே, திரும்பிவிடாதே.

"அதையும் பின்னலாமுங்க."

"பின்னலாமான்னா கேட்டேன்?"

"அப்ப ஒத்தைங்க."

மணி அடித்தது. தலைமையாசிரியை அவள் தோளைத் தட்டினார்.

"பையைக் கழட்டி உன் எடத்துல வைம்மா."