விளம்பரத்தை வெட்டாத இகராஷி

இகராஷியும் நானும் சகாதா துறைமுகத்தில் ஒரே மீன் கிடங்கில் வேலை பார்க்கிறோம். அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அவன், இன்னொன்றில் வீடியோ கேசட்டுகள். டிவியில் வந்த படம், மல்யுத்தம், பாட்டுப் போட்டி என்று எல்லாவற்றையும் பதிவு பண்ணி அடுக்கியிருக்கிறான். இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கமும் போட்டிருக்கிறான். எது நன்றாயிருக்கும், எதில் படம் ஆடும் என்று அவனே அதில் எழுதுவான்.

பதிவு பண்ணுகிறவர்களுக்கு எங்கள் நாட்டில் ஒரு மானப் பிரச்சினை உண்டு. விளம்பரம் வந்ததும் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட வேண்டும். படம் மட்டும் சுத்தமாக ஏற வேண்டும். இகராஷிக்கோ இரவு வேலை. மெஷினில் நேரத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். விளம்பரமும் சேர்ந்தே ஏறிவிடும். பக்கத்தைப் பார்க்க வந்தவர்கள் அடியில் எழுதிவிட்டுப் போனார்கள்: "ஐயா சேர்த்து வச்சிருக்கிறது படமா, சோப்பு விளம்பரமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. படத்தை மட்டும் வேறு கேசட்டில் ஏற்றிவிட்டு, பழைய கேசட்டில் புதிதாக வேறு எதையாவது பதிவு பண்ண ஆரம்பித்தான்.

இது எனக்குத் தெரியாது. என் மனைவி தோமிகோவின் அப்பா பக்கத்து ஊரில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். ஒரு குளிர்காலம், டிவியில் வந்த கடை விளம்பரத்தில் அவரே நடித்தார். அவர் போய்ப் பல வருஷமாகிறது. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"மூஞ்சி போட்டோல இருக்குங்க. குரல்தான் மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

விளம்பரத்தோடு பதிவு பண்ணி வைத்திருக்கிறவன் அவன் ஒருவன்தானே என்று நேரே இகராஷியிடம் போய், எந்த வருஷத்து விளம்பரம் என்பதையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"டேய் நுமாதா, அந்த வருஷத்துக் கேசட்டைத்தாண்டா இப்ப அழிச்சிக்கிட்டிருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஞாயித்துக்கிழமை தங்கச்சியையும் கூட்டிட்டு வா."

ஞாயிறு காலையிலேயே போனோம். தோமிகோ சோற்றுருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் கட்டி எடுத்து வந்தாள். வழக்கத்துக்கு நேர்மாறான வேலை. படத்தை வேகமாக ஓட்டித் தள்ளிவிட்டு விளம்பரத்தை மட்டும் பார்த்தோம். சோயா சாறு, கார், பல்பொடி. மிச்சமிருந்த கேசட்டுகள் குறைந்துகொண்டே வந்தன.

"அழிச்சதுல இருந்திருந்தா என்னை மன்னிச்சிடும்மா" என்றான் இகராஷி.

"சும்மா இருங்கண்ணே. அடுத்ததைப் போடுங்க."

ஒரு மல்யுத்தப் போட்டியின் நடுவில் மாமனார் வந்தார். கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தார். "நல்லாத் தூங்குங்க! மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்!"

அவ்வளவுதான். உடனே மல்யுத்தம் வந்துவிட்டது.

தோமிகோ வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ கீச்சுக் குரலா எங்கப்பாவுக்கு! நான் இத்தனை நாளா கனத்த குரலையில்ல தேடிக்கிட்டிருந்தேன்!"

அப்புறம்தான் அழுதாள். மறுபடி போடச் சொன்னாள். போட்டான். மறுபடியும் போட்டான்.

கடைசியில் இகராஷி கேசட்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்திலிருந்த சின்ன பிளாஸ்டிக் துண்டைத் திருப்புளியால் நெம்பி உடைத்தான். அது போய்விட்டால் அந்தக் கேசட்டின் மேல் மெஷின் வேறெதையும் பதிவு பண்ணாது.

"இந்தாம்மா. இனி நானே நெனைச்சாலும் அழிக்க முடியாது."

தோமிகோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள். எனக்கு அந்த மாதிரியெல்லாம் வராது. "வாடா, குடிக்க சாகே வாங்கித் தரேன்" என்றேன்.