டோரதி வீட்டு மன்றாட்டு

டோரதி காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். வாயைத் திறந்தால் ராயபுரத்தில் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். நான்கு வருஷமாக அந்த வாய் பேசுவதெல்லாம் ஒரே விஷயம்தான்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் கயிறு அறுந்து, அவள் புருஷன் ராசையா மேல் பெட்டி விழுந்து, அங்கேயே உயிர் போனது. கயிறு நைந்து கிடந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பெனி கோர்ட்டில் கொடுத்த காகிதம், ராசையா குடித்துவிட்டு வந்து தானாகப் போய் அடியில் நின்றார் என்றது. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு சொட்டு தொடாத மனுஷன்! சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் சாவியோ. அதே தெருக்காரன், ராசையாவே கையைப் பிடித்து அந்த யார்டில் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆள்.

"மன்னிச்சிடும்மா" என்றார் ஃபாதர். அடி வாங்கினவளிடம்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அடித்தவன் வீட்டுக்குப் போய் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனாலும் ஆண்டவர் சொன்னதாயிற்றே என்று டோரதி தினமும் முட்டி போட்டுப் பார்த்தாள். ஜெபமாலை பாதி உருளுவதற்குள் வாய் சாவியோவைத் திட்ட ஆரம்பித்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

தெருக்காரர்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இந்த மாதம் டோரதி வீட்டில். இத்தனை வருஷம் அவள் வாசலை மிதிக்காத சாவியோ, மனைவி ஜானட்டோடு வந்து உட்கார்ந்தான். அன்பியத்துக்கு அடுத்த தலைவர் அவன்தானாம், வராமல் இருக்க முடியுமா?

ஆளாளுக்கு மன்றாட்டு சொன்னார்கள். ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்தர் மகனுக்கு விசா. டோரதியின் முறை வந்தது.

"ஆண்டவரே, என் புருசன் அன்னிக்கு குடிக்கல. குட்சாருன்னு கையெழுத்து போட்ட சாவியோ இதோ என் வூட்டு பாயில குந்திகினு கீறான். அவன நான் மன்னிச்சிட்டேன். கோர்ட்டுல வந்து நெசத்த சொல்ல அவனுக்கு தில்லு குடு. ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய இடம். எல்லோரும் சாவியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஜானட்தான் தலையைக் குனிந்தபடி, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள். பிறகு மற்றவர்களும் முணுமுணுத்தார்கள்.

சாவியோ எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் குடிக்கல அண்ணி. கயிறுதான் அறுந்துச்சி. ஆனா கோர்ட்டுல சொன்னா என் வேல பூடும். அதான் மன்னிச்சிட்டேன்னு உன் வாயால சொல்லிட்டியே, அத்தோட வுட்டுடேன்."

டோரதி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சிட்டேன்னுதான் சொன்னேன் சாவியோ. வுட்டுட்டேன்னா சொன்னேன்? திங்கக்கெழம பத்து மணிக்கு கோர்ட்டு. நானே வந்து உன்ன இட்டுனு போறேன்."